துருவத்தின் தட்டையைத் தேடிய லாம்டன்

குழந்தைகளே! துருவம் என்ற சொல் உங்கள் பாடப் புத்தகங்களில் மூன்று இடங்களில் வரும். வேதியியலில் தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான எதிர் மின்சுமையும் மறுபக்கம் லேசான நேர் மின்சுமையும் இருப்பதால், அதை முனைவுள்ள மூலக்கூறு, அதாவது துருவமுள்ள மூலக்கூறு என்கிறார்கள். உப்பு தண்ணீரில் கரைவது அதனால்தான். உயிரியலில், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் எதிரெதிர் துருவங்களுக்கு நகரும். புவியியலில் வட துருவம், தென் துருவம். எதிரும் புதிருமான இரண்டு முனைகள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது.

பூமியின் துருவங்கள் தட்டையானவை. எவ்வளவு தட்டை என்பதை நம் தமிழ்நாட்டில் நின்றுகொண்டே கணக்கிட்ட ஒருவர் இருந்தார். அவர்தான் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. ராணுவத்தில் சேர்ந்து பல வருடம் கனடாவில் இருந்தார். ஒருமுறை சூரிய கிரகணத்தைக் கரும்புகைக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததால் இடது கண் பழுதானது. (கிரகணத்தன்று உங்களை ஆசிரியர்கள் ஏன் அதட்டுகிறோம் என்று புரிகிறதா?)

பிறகு இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போருக்கு ஆங்கிலப் படை நம் பக்கத்து ராயக்கோட்டை வழியாகத்தான் போனது. அதில் லாம்டனும் இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே ஓர் இரவு படை திசை தவறி எதிரி முகாமை நோக்கியே நடந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான்.

போர் முடிந்ததும் நாட்டை அளக்க அனுமதி கேட்டார். அரசுக்குத் தேவை வரைபடம். அவர் மனசில் இருந்ததோ பூமியின் வடிவம்.

அதை எப்படி அளப்பது? தருமபுரியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில் தெரியும். வடக்கே போகப் போக அது உயரும். ஒரு பாகை உயர எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும்? பூமி சரியான உருண்டை என்றால் எங்கும் ஒரே தூரம்தான். துருவம் தட்டை என்றால் அங்கே வளைவு குறைவு. அதனால் வடக்கே போகப் போக அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும். நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை சுமார் 110.6 கி.மீ. துருவத்தருகே 111.7 கி.மீ. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்தான்! இதைப் பிடிக்க எவ்வளவு துல்லியம் வேண்டும், பாருங்கள்.

லண்டனில் செய்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியை வரவழைத்தார். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நல்லவேளை, அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி இரும்புச் சங்கிலியால் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். கொளுத்தும் கோடையில் 57 நாள் ஆனது! முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக்கொண்டே போனார். இந்தச் சங்கிலியின் முதுகெலும்பாகப் பின்னாளில் அமைந்தது 78 பாகை தீர்க்கரேகை. நம் தருமபுரி அதன் ஓரமாகத்தான் இருக்கிறது. பூகோளப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

மலை இருந்தால் உச்சியில் கருவியை வைக்கலாம். தஞ்சாவூர்ச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? 1808-ல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டமே நெளிந்துபோனது. ஆறு வருட உழைப்பு அந்தரத்தில் நின்றது. இன்னொன்று இங்கிலாந்திலிருந்து வர மாதக்கணக்காகும். லாம்டன் யார்மேலும் எரிந்து விழவில்லை. கூடாரத்துக்குள் போனார். சில வாரங்கள் பாடுபட்டு, நெளிந்த வட்டத்தை அங்குலம் அங்குலமாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவியால்தான் மீண்டும் அளந்தார்.

கன்னியாகுமரிப் பக்கம் 8 பாகையிலிருந்து 18 பாகை வரை அளந்து, 1818-ல் முடிவை வெளியிட்டார். துருவத்தில் பூமி 310-ல் ஒரு பங்கு தட்டை என்றார். இன்று செயற்கைக்கோள்கள் சொல்வது 298-ல் ஒரு பங்கு. சங்கிலியும் கண்ணும் மட்டும் வைத்து இவ்வளவு நெருங்கியது சாதாரணமா?

எழுபதை நெருங்கிய வயதிலும் கூடாரத்தை விடவில்லை. இருமலோடு நாகபுரிக்குப் போகும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். அவருக்கு உதவியாளராக இருந்தவர் வேலையை இமயம் வரை கொண்டுபோனார். அவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். லாம்டன் பெயரில் அப்படிச் சிகரம் எதுவும் இல்லை. பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது.