தருமசேனர் பிரிந்த வரலாறு

திருநாவுக்கரசரின் வரலாற்றைப் பள்ளியில் பாடமாக நடத்திய நாள்களில், சமணர் அவருக்கு இழைத்த கொடுமைகள் வரும் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுவதுண்டு. அது பிற்காலத்தார் கட்டிய கதை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வோம். முதுமையில் மீண்டும் படிக்கும்போது அவ்வாறு கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

திருவாமூரில் வேளாளர் குடியில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். பெற்றோர் மறைந்தனர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். நிலையாமையை இளமையிலேயே கண்ட அவர் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை நாடினார். இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரே அவ்வூர். கி.பி. 458இல் சர்வநந்தி முனிவரின் உலோகவிபாகம் உருப்பெற்ற ஊரும் அதுவே என்பர். அங்கு அறநூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார்.

பின்னர்ச் சூலைநோய் அவரைப் பற்றியது. பள்ளியார் செய்தவை பயன்படவில்லை. இரவில் ஒருவரும் அறியாமல் புறப்பட்டுத் திருவதிகையிலிருந்த தமக்கையாரை அடைந்தார். அவர் திருநீறு அளித்தார், தம்பி பதிகம் பாடினார், நோய் நீங்கிற்று. தருமசேனர் திருநாவுக்கரசர் ஆனார்.

நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கடல் என அதன்பின் நேர்ந்தவற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தார். ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் கதை வளர்ந்திருக்கும் என்று நம்மவர் கூறுவதில் பொருளுண்டு. ஆயினும் நஞ்சையும் கல்லையும் நாவுக்கரசரே தம் பதிகங்களில் குறிக்கிறார். முழுவதையும் பொய்யென்று தள்ள நமக்குத் துணிவில்லை.

எளிய இல்லறத்தார் ஒருவர் விலகியிருந்தால் பள்ளி பொருட்படுத்தியிராது. கற்பித்தவரே விலகினால், அவரிடம் கற்றவர் எல்லாம் தாம் கற்றதை ஐயுறத் தொடங்குவர். மன்னனும் மாறினால் பள்ளியின் வாழ்வே போய்விடும் என்று பள்ளியார் அஞ்சியதைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகவே அவர் நோய் நடிப்பென்று மன்னனிடம் முறையிட்டனர். நோய் மெய்யென ஒப்பினால் தம் மருந்து தோற்றதையும் ஒப்பவேண்டும் அன்றோ! அச்சமே குற்றச்சாட்டாக உருமாறிற்று. இதைச் சமணர்க்கே உரிய குறை என்பாரும் உளர். நாவுக்கரசரும் பள்ளியில் கழித்த ஆண்டுகளையும் பழைய தோழர்களையும் வாழ்நாளெல்லாம் இகழ்ந்து பாடியவரே.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் ஸ்திதிகரணம் ஒன்று. நெறியில் தளர்ந்தவரை அன்பால் நிலைநிறுத்துவது அது. அதற்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் வாரிசேன முனிவரைக் கூறும். மனம் தளர்ந்த தோழரை அவர் வைதாரில்லை. உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்த அரண்மனையைக் காட்டித் தெளிவித்தார். திருவதிகைக்கோ மன்னனின் அமைச்சர்கள்தாம் சென்றனர். நலம் கேட்கப் பள்ளியிலிருந்து ஒருவரேனும் போனதாகச் செய்தி இல்லை.

பின்பு மன்னனும் சைவனானான். முதலாம் மகேந்திரவர்மன் என்று கருதப்படும் அவன் பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்கிறது பெரியபுராணம். நாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்து திருப்புகலூரில் மறைந்தார் என்பது மரபு.