தூங்காத இரவுகளின் ஹகீம்: இப்னு சீனாவும் உறக்கத்தின் நாடியும்

நீட் தேர்வுக்கும் பொதுத் தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்தும் நம் வீடுகளில் இப்னு சீனாவின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. ஒன்றரை ஆண்டுகள் ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காமல் படித்தார், அதனால்தான் உலகம் போற்றும் மருத்துவர் ஆனார் என்று கல்வி வழிகாட்டி மேடைகளில் சொல்கிறார்கள். தூங்காமல் படித்தார் என்ற செய்தி உண்மைதான். அவரே தம் மாணவரிடம் சொல்லி எழுதவைத்தது அது. ஆனால் அதே இப்னு சீனா உறக்கத்தைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் என்ன எழுதிவைத்தார் என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அவருடைய எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது, அவர் கழித்த இரவுகள் வேறொரு பக்கம் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. தந்தை அப்துல்லாஹ் பல்கு நகரைச் சேர்ந்தவர். ஸாமானீ அரசர்களின் கீழ் ஒரு வட்டாரத்தை நிர்வகித்த அதிகாரி. தாயாரின் பெயர் சிதாரா. பிறகு குடும்பம் புகாராவுக்கு வந்தது. பத்து வயதிலேயே குர்ஆன் மனனமாகிவிட்டது. அரபி இலக்கியமும் கைவந்தது. இந்தியக் கணக்கு முறையைக் கற்றுக்கொள்ளத் தந்தை அவரை ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பினார். ஃபிக்ஹை இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்ற ஆலிமிடம் படித்தார். மருத்துவம் அவருக்குக் கடினமான கலையாகவே தெரியவில்லை. பதினாறு வயதில் அனுபவமுள்ள மருத்துவர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

அந்த ஒன்றரை ஆண்டு இதன் பிறகுதான் வருகிறது. தர்க்கத்தையும் தத்துவத்தையும் மீண்டும் அடியிலிருந்து படிக்க உட்கார்ந்தார். பகலிலும் வேறு வேலை இல்லை. இரவில் விளக்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுவார். ஒரு கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் ஜாமிஆ பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது, அல்லாஹ்விடம் கையேந்துவார். திரும்பி வந்து மீண்டும் புத்தகத்தைத் திறப்பார். அசதியில் கண் அயர்ந்தால் அதே கேள்விகள் கனவில் வரும். பலவற்றுக்குத் தூக்கத்திலேயே விடை தெளிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடும் இடங்களில் இதுவும் ஒன்று. விழித்திருந்து கிடைக்காத விடை, கண் மூடியபோது கிடைத்திருக்கிறது. படித்ததை மூளை உறக்கத்தில் ஒழுங்குபடுத்தி நினைவில் பதிக்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்வதோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

அவர்கள் விட்டுவிடும் இன்னோர் இடமும் உண்டு. தூக்கம் மேலிடும்போதும் உடல் சோரும்போதும் ஒரு கோப்பை மது அருந்தித் தெம்பு பெற்றுப் படிப்பைத் தொடர்ந்ததாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். அரபியில் ஷராப் என்ற சொல்லுக்குப் பொதுவாகப் பானம் என்றும் பொருள் உண்டு என்பதால் சிலர் இதைப் பழச்சாறாக்கிவிடுகிறார்கள். அவருடைய பிற்கால மாலை அவைகளைப் பற்றி மாணவர் எழுதியிருப்பதைப் படித்தால் அந்தச் சமாதானம் நிற்காது. ஹராம் ஹராம்தான், யார் செய்தாலும் அப்படித்தான். ஒரு மனிதரின் அறிவை மதிக்க அவருடைய குறையை மறைக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ரிஜால் கலை வளர்த்த உம்மத் நாம். அறிவிப்பாளர்களின் நிறையையும் குறையையும் சேர்த்தே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர்.

ஸாமானீ அரசர் நூஹ் இப்னு மன்சூர் நோயுற்றபோது இளைஞர் இப்னு சீனாவும் அழைக்கப்பட்டார். சிகிச்சையில் பங்கேற்றதற்குப் பலனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது. பதினெட்டு வயதில் தாம் அறிந்த கலைகள் அனைத்தையும் படித்து முடித்திருந்தார். அரிஸ்டாட்டிலின் ஒரு நூலை மட்டும் நாற்பது முறை படித்தும் புரியவில்லை. கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்குக் கிடைத்த அல்ஃபாராபியின் சிறு விளக்கநூல்தான் அந்தப் பூட்டைத் திறந்தது. மறுநாளே ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தார்.

பிறகு தந்தை இறந்தார். ஸாமானீ அரசும் சரிந்தது. ஊர் ஊராக அலையும் வாழ்க்கை தொடங்கியது. காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜானில் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ என்ற மாணவர் அவரோடு சேர்ந்துகொண்டு, கடைசிவரை பிரியவில்லை. இப்னு சீனாவின் வாழ்க்கை நமக்குத் தெரிந்ததே இந்த மாணவரால்தான். அல்கானூன் என்ற பெரும் மருத்துவ நூல் ஜுர்ஜானில் தொடங்கி, ரய் நகரில் வளர்ந்து, ஹமதானில் முடிந்தது.

ஹமதானில் அமீர் ஷம்சுத் தௌலாவுக்குக் கடுமையான வயிற்று வலி. குணப்படுத்திய மருத்துவரை அமீர் வஸீராகவே ஆக்கிவிட்டார். படைவீரர்கள் கலகம் செய்து, வீட்டைச் சூறையாடி, அவரைச் சிறைப்பிடித்தார்கள், கொல்லவும் கேட்டார்கள். நாற்பது நாள் ஒரு நண்பரின் வீட்டில் மறைந்திருந்தார். அமீருக்கு மறுபடி வயிற்று வலி வந்தது. மறுபடி வஸீர் பதவியும் வந்தது. பகல் முழுக்க அரசாங்க வேலை. ஆகவே பாடம் இரவில்தான். மாணவர்கள் கூடுவார்கள்; ஒருவர் அஷ்ஷிஃபா நூலிலிருந்து வாசிப்பார், இன்னொருவர் அல்கானூனிலிருந்து வாசிப்பார். பாடம் முடிந்ததும் பாடகர்களும் மது விருந்தும். இப்படித்தான் ஆண்டுகள் கழிந்தன. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை அறியாதவர் அல்ல அவர்.

அந்த இரவுகளில் வாசிக்கப்பட்ட அல்கானூன் என்ன சொல்கிறது?

உடல்நலத்தைத் தீர்மானிக்கும் தவிர்க்க முடியாத காரணங்கள் ஆறு என்று அதன் முதல் பாகம் வகுக்கிறது. காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், கழிவு வெளியேறுவதும் தங்குவதும் ஆகியவற்றோடு உறக்கமும் விழிப்பும் அந்த ஆறில் ஒன்று. சோற்றுக்கும் காற்றுக்கும் சமமான இடத்தில் தூக்கத்தை வைத்திருக்கிறார். அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான அடிப்படைகளாக உணவு, உடற்பயிற்சி, புகையிலை தவிர்ப்பு, எடை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என ஏழை வைத்திருந்து, எட்டாவதாக உறக்கத்தைச் சேர்த்தது 2022இல்தான். வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அதன் அளவு.

நாடி பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. கிரேக்க மருத்துவர் காலனிடமிருந்து பெற்ற அறிவை இப்னு சீனா தம் முறையில் ஒழுங்குபடுத்தியிருக்கிறார். உறக்கத்தின் தொடக்கத்தில் நாடி சிறிதாகவும் மென்மையாகவும் ஆகிறது. உணவு செரித்தபின் வலுக்கிறது. உறக்கம் அளவு மீறி நீண்டால் மீண்டும் தளர்கிறது. ஒருவர் தானாகக் கண்விழித்தால் நாடி மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது. திடுக்கிட்டு எழுப்பப்பட்டால் அது வேகமெடுத்து, ஒழுங்கு குலைந்து நடுங்குகிறது. கருவி எதுவும் இல்லாமல், விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியது இது.

இன்று உறக்க ஆய்வுக்கூடங்களில் உடலெங்கும் வயர்களை ஒட்டி இரவு முழுக்கப் பதிவு செய்யும்போது தெரிவதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆரோக்கியமான உறக்கத்தில் இதயத் துடிப்பு குறைகிறது. ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குகிறது. நாள் முழுக்க உழைத்த இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். சிலருக்கு உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி மூச்சு தடைபடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை திடுக்கிட்டு விழிக்கும். நாடி பாயும், ரத்த அழுத்தம் ஏறும். படுத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும்: உரத்த குறட்டை, திடீர் நிசப்தம், பிறகு ஒரு திணறல். மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தால் நோய். 30ஐத் தாண்டினால் கடுமையான நிலை. ஆங்கிலத்தில் இதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் ஒழுங்குகேடு, பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. இப்னு சீனா இந்த நோயைக் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல. இடையில் திடுக்கிட்டு முறியும் உறக்கம் நாடியை உலுக்குகிறது என்பதைக் கவனித்தார், அவ்வளவுதான்.

1981இல் சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர் மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் முறையை வெளியிட்டார். குறட்டையும் பகல் தூக்கமும் அதனால் நன்கு குறைகின்றன. ஆனால் ஏற்கெனவே இதய நோய் வந்துவிட்டவர்களுக்கு அந்தக் கருவி அடுத்த மாரடைப்பைத் தடுக்கிறதா என்று 2,700க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை. கருவியை அவர்கள் இரவில் சராசரியாக நான்கு மணி நேரம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. குறட்டையைச் சிரித்துத் தள்ளிவிடாமல், காலத்தோடு மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

படுக்கும் முறையையும் அல்கானூன் பேசுகிறது. முதலில் வலப்புறமாகப் படுத்து, பிறகு இடப்புறம் திரும்பச் சொல்கிறது. மல்லாந்து படுப்பதை அது கண்டிக்கிறது. பக்கவாதத்துக்கும் உறக்கத்தில் அமுக்கும் நோய்க்கும் அது வழிவகுக்கும் என்கிறது. மூச்சடைப்பு உள்ளவர்களில் பலருக்கு மல்லாந்து படுக்கும்போது நிலைமை மோசமாவதை இன்றைய மருத்துவர்களும் அறிவார்கள். வலப்புறம் படுப்பது சுன்னத் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் செரிமானத்துக்காகக் குப்புறப் படுப்பதை இப்னு சீனா நல்லது என்றார். நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். பகல் தூக்கத்தையும் அவர் விரும்பவில்லை. நமக்கோ கைலூலா சுன்னத்தாக இருக்கிறது. மருத்துவ நூல் மருத்துவ நூல்தான். பொருந்தும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

உறக்கத்தில் அமுக்கும் நோயை நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லித் தாயத்துக்கு ஓடுகிறார்கள். அரபியில் அதற்குக் காபூஸ் என்று பெயர். மார்பின் மீது பாரமான ஒன்று விழுந்து அழுத்துவது போலவும், மூச்சு முட்டி, குரலும் அசைவும் நின்றுவிடுவது போலவும் தோன்றும் என்று இப்னு சீனா எழுதுகிறார். உடலிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவிதான் காரணம் என்றார். அந்த விளக்கம் இன்று நிற்காது. ஆனால் அதை மூளை நோய்களின் அத்தியாயத்தில் வைத்தார் என்பதே பெரிது. ஜின்னை நாம் நம்புகிறோம், அது ஈமானில் உள்ளது; அதற்காக மூச்சு முட்டி எழுபவரை மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிட முடியாது.

இதயத்துக்கான மருந்துகளைப் பற்றித் தனி நூலொன்றையும் அவர் ஹமதானில் எழுதினார்: அல்அத்வியதுல் கல்பிய்யா. மகிழ்ச்சியும் துயரமும் இதயத்தை எப்படி விரிக்கின்றன, சுருக்குகின்றன என்று பேசிவிட்டுத்தான் குங்குமப்பூ, கஸ்தூரி போன்ற மருந்துகளுக்கு வருகிறார். இதயத்தின் அமைப்பில் அவர் தவறினார். ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் செல்கிறது என்று 13ஆம் நூற்றாண்டில் திருத்தியவர் இப்னுன் நஃபீஸ். அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ் என்பதில் நம் கடற்கரை ஊர்களுக்குத் தனி மகிழ்ச்சி இருக்கலாம்.

ஷம்சுத் தௌலா இறந்ததும் அரசியல் புரண்டது. ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை. பிறகு தம்பியோடும் ஜூஸ்ஜானீயோடும் சூஃபி உடையணிந்து இஸ்ஃபஹானுக்குத் தப்பினார். அமீர் அலாவுத் தௌலா அவரைக் கண்ணியப்படுத்தினார். வெள்ளிக்கிழமை இரவுகளில் அறிஞர் அவை கூடியது. இரவுப் பழக்கம் அங்கும் மாறவில்லை. தத்துவத்தில் அவர் சொன்ன சில கருத்துகளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பின்னாளில் கடுமையாக மறுத்தார்கள். மூன்று விஷயங்களில் குஃப்ர் என்றே தீர்ப்பளித்தார்கள். மருத்துவத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்று எழுதியவரும் அதே இமாம்தான்.

கடைசி நோய் குடல் வலி. மற்றவர்களுக்கு அவர் குணப்படுத்திய அதே நோய். இச்சைகளில் அளவு மீறியதே உடலைக் குலைத்தது என்று ஜூஸ்ஜானீ ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். தூக்கமின்மை அவரைக் கொன்றது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அமீர் போருக்குப் புறப்பட்டபோது படையோடு செல்ல வேண்டியிருந்ததால், விரைவில் குணமாக ஒரே நாளில் எட்டு முறை குடல் கழுவும் மருந்தை ஏற்றிக்கொண்டார். குடல் புண்ணாயிற்று, வலிப்பும் வந்தது. ஒரு மருந்தில் மருத்துவர் சொன்ன அளவைவிடப் பன்மடங்கு சேர்த்துவிட்டார். இன்னொன்றில் பணியாள் ஒருவன் அபினை அளவுக்கு மேல் கலந்தான். ஓரளவு தேறி எழுந்தவர் பத்தியத்தைக் கைவிட்டார்.

அமீரோடு ஹமதான் செல்லும் வழியில் நோய் திரும்பியது. உடலை நடத்தும் வலிமை தம்மிடம் தீர்ந்துவிட்டது, இனி மருந்து பயன்படாது என்று கண்டுகொண்டார். சிகிச்சையை நிறுத்தினார். குளித்து, தவ்பா செய்து, சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்து, அடிமைகளை விடுவித்தார். மூன்று நாளைக்கு ஒரு முறை குர்ஆனை ஓதி முடித்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமளான் மாதத்தில் உயிர் பிரிந்தது. வயது 58 ஹிஜ்ரி ஆண்டுகள். ஹமதானிலேயே அடக்கம் செய்தார்கள்.