ஒன்பதாம் பிள்ளை கியூ சக்கமோற்றோ

ஒரு பாடலின் பொருளைச் சிறிதும் அறியாத மக்கள் அதனை இலட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கி, மீண்டும் மீண்டுங் கேட்டு நெஞ்சுருகினர் எனின், அப்பாடலின் உயிர் சொல்லிலே உளதா, இசையிலே உளதா என்னும் வினா எழுதல் இயல்பே. மொழியும் இசையும் பற்றி ஆராய்வோர் இவ்வினாவோடு யப்பானியப் பாடகர் கியூ சக்கமோற்றோவின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று.

ரோக்கியோ மாநகரை அடுத்த கவாசாக்கி என்னுந் தொழில் நகரிலே 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள் அவர் பிறந்தார். பேள் துறைமுகம் தாக்கப்பட்டு இரண்டொரு நாளே கழிந்திருந்தது. பெற்றோர்க்கு அவர் ஒன்பதாம் பிள்ளை. ஆதலின் ஒன்பது என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்தையே அவருக்குப் பெயராக இட்டனர். யப்பானியர் சீனரிடமிருந்து பெற்ற எழுத்துக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியாற் படிக்கப்படும் இயல்பின. அவ்வெழுத்து ஹிசாஷி எனவும் படிக்கப்படும். கியூ எனவும் படிக்கப்படும். முன்னையது அவரது இயற்பெயராயிற்று. பின்னையதை உலகம் எடுத்துக்கொண்டது. போர்க்காலத்திலே குண்டுவீச்சுக்கு அஞ்சிய குடும்பம் இபராக்கி மாகாணத்துக் கசாமா என்னும் ஊரிற் புகலடைந்தது. இனாரித் தெய்வத்தின் புகழ்பெற்ற கோயில் ஒன்று அவ்வூரில் உண்டு. அக்கோயிலின் பெயர் இவ்வரலாற்றின் முடிவிலும் வரும்.

போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் யப்பானில் ஏழாண்டு தங்கினர். அவர்தம் வானொலி நிலையங்கள் பரப்பிய பாட்டுக்கள் தோற்ற நாட்டின் சிறுவர் செவியிலும் வீழ்ந்தன. சக்கமோற்றோவின் உள்ளத்தைக் கவர்ந்தவர் எல்விஸ் பிறெஸ்லி. அவரைப்போலப் பாடியும் ஆடியும் பள்ளித் தோழரை மகிழ்வித்த இளைஞர், 1958இல் ஓர் இசைக்குழுவிற் சேர்ந்தார். சிலகாலத்தின்பின் பரடைஸ் கிங் என்னுங் குழுவோடு பாடிப் பெயர் பெற்றார். முகப்பரு மாறாத முகமும், எந்நேரமும் அரும்பி நிற்கும் புன்னகையும், சொல்லின் நடுவே தொண்டையை இடறச்செய்து பாடும் புதுமுறையும் அவரை இளைஞர்க்கு உரியவராக்கின.

இனி அப்பாடலின் பிறப்புக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு யப்பானுக்கும் அமெரிக்காவுக்குமிடையே புதுப்பிக்கப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். யூன் 15ஆம் நாள் பாராளுமன்ற வாயிலில் நிகழ்ந்த மோதலிலே, ரோக்கியோப் பல்கலைக்கழக மாணவி மிச்சிக்கோ கன்பா உயிர் துறந்தார். அவருக்கு வயது 22. ஆயினும் உடன்படிக்கை நிறைவேறியது. ஊர்வலங்களிற் கலந்துகொண்டு தோல்வியோடு வீடு திரும்பியவருள் ஒருவர் றொக்குசுக்கே எய் என்னும் இளங்கவிஞர். அந்த மனச்சோர்வே பாட்டாயிற்று என்பர். கண்ணீர் நிலத்தில் விழாதிருத்தற் பொருட்டு முகத்தை மேலே நிமிர்த்தி, இரவிலே தனியே நடந்து செல்லும் ஒருவனின் நிலையை அவர் எழுதினார். அரசியற் சொல் ஒன்றுதானும் அதில் இல்லை. காதலிற் றோற்றவனும் அதனைத் தன் பாட்டெனக் கொள்ளலாம். ஊரைப் பிரிந்தவனுங் கொள்ளலாம். சொந்தத் துயரைப் பொதுத் துயராக்கிய அச்செயலே கவிஞரின் வெற்றி என்பது எமது கருத்து.

மெட்டமைத்தவர் ஹச்சிடாய் நக்கமுரா. யப்பானிய மொழியில் றொக்கு என்பது ஆறு, ஹச்சி என்பது எட்டு, கியூ என்பது ஒன்பது. ஆகவே இம்மூவரையும் ஆறு எட்டு ஒன்பது என எண்ணாலே சுட்டி மகிழ்ந்தனர் அந்நாட்டினர். பாடகர் பாடக் கேட்ட கவிஞர் முதலில் வெகுண்டார். ஒவ்வோர் எழுத்தையும் உடைத்தும் நீட்டியும், தாம் எழுதிய சொற்கள் தமக்கே புரியாவண்ணம் பாடுகின்றானே என்பது அவரது குறை. சொல்லைப் பேணுவோர் எவரும் அவர் பக்கமே நிற்பர். ஆனால், எழுத்தை உடைத்த அந்த இடறல், விம்மலை விழுங்கிக்கொண்டு பாடுவோன் குரல்போல ஒலித்தமையை மறுத்தலும் அரிது. போதாக்குறைக்குப் பாடலின் ஓரிடத்திற் சொல்லே இல்லை. சீழ்க்கை ஒலி மாத்திரமே உண்டு. தனிவழி நடப்பவன் அச்சத்தையும் துயரத்தையும் மறைக்கச் சீழ்க்கை அடிப்பது எந்நாட்டார்க்கும் விளங்குமன்றோ?

1961இல் வெளிவந்த அவ்விசைத்தட்டு யப்பான் முழுதும் பரவியது. நிமிர்ந்து நோக்கி நடப்போம் என்பது அதன் பெயரின் பொருள். மறு ஆண்டு யப்பானுக்குச் சென்றிருந்த இங்கிலாந்தின் பை இசைத்தட்டு நிறுவனத் தலைவர் லூயிஸ் பெஞ்சமின் அதனைக் கேட்டு, அம்மெட்டைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். அங்கு கென்னி போல் குழுவினர் வாத்தியங்களால் மட்டும் அதனை இசைத்தனர். யப்பானியப் பெயர் ஆங்கிலேயர் நாவில் வராது என்று கருதி, அவர்கள் முன்பே அறிந்திருந்த சுக்கியாக்கி என்னும் பெயரை இட்டனர். சுக்கியாக்கி என்பது மாட்டிறைச்சியை மெல்லிதாக அரிந்து, காய்கறியோடு சட்டியிலிட்டுச் சமைக்கும் உணவு. நம் ஊர் ஒப்பாரி ஒன்றுக்கு ஒடியற்கூழ் என்று பெயரிட்டால் எவ்வாறிருக்கும்! எனினும் சக்கமோற்றோவின் சொந்தக் குரலை அமெரிக்காவிற் கப்பிற்றல் நிறுவனம் 1963இல் வெளியிட்டபொழுதும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

பில்போட் என்னும் அமெரிக்க இசையேட்டின் பட்டியலிலே அப்பாடல் முதலிடம் பெற்று, மூன்று வாரம் அவ்விடத்தில் நின்றது. யப்பானிய மொழிப் பாடல் வேறெதற்கும் அந்நாள்வரை கிட்டாத பேறு அது. அது முதலிடம் பெற்ற பட்டியலின் திகதி 1963 யூன் 15. மாணவி கன்பா இறந்து சரியாக மூன்றாண்டு. எந்த நாட்டோடு செய்த உடன்படிக்கையின் பொருட்டு அக்கவிஞர் கலங்கினாரோ, அந்த நாட்டு மக்களே அக்கலக்கத்தை ஓர் உணவின் பெயரால் அழைத்து, வானொலி நிலையங்களிற் கேட்டு வாங்கி மகிழ்ந்தனர். போர் முடிந்து பதினெட்டு ஆண்டே ஆகியிருந்த அக்காலத்திலே, பகைவர் மொழி என வெறுக்கப்பட்ட மொழி இல்லங்கள்தோறும் ஒலித்தது பெரிய செய்திதான். ஆயினும் பொருள் அறியாது கேட்டோர் அப்பாடலிற் பாதியையே பெற்றனர் என்று கூறாதிருத்தல் இயலவில்லை. 1981இல் வேறொரு குழுவினர் ஆங்கிலத்திற் பாடிய வடிவமும் மொழிபெயர்ப்பன்று. அது பிரிந்த காதலைப் பற்றிய புதுப்பாட்டு.

சக்கமோற்றோ 1963 ஆகஸ்டில் அமெரிக்கா சென்று தொலைக்காட்சியிற் பாடினார். அவரது அடுத்த இசைத்தட்டு அங்கே 58ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதன்பின் அந்நாட்டார் அவரை மறந்தனர். யப்பானியர் மறக்கவில்லை. பகலில் உழைத்து இரவிற் பள்ளி செல்லும் இளைஞரைப் பற்றிய இசைநாடகம் ஒன்றுக்காக எய் எழுதிய, இரவு விண்மீன்களைப் பார் எனத் தேற்றும் பாடலை அவர் 1963இற் பாடினார். மாணவர் நெஞ்சுக்கு இதுவே நெருங்கியது. மகிழ்வெனில் கைதட்டுக என்னும் பாடலை 1964இற் பாடினார். இதன் சொற்களை அமைத்த றிஹித்தோ கிமுறா, மாணவராயிருந்தபோது பிலிப்பைன்ஸ் நாட்டிலே சேவை முகாம் ஒன்றுக்குச் சென்று, தம் நாட்டுப் படையினர் அங்கே செய்த கொடுமைகளை அறிந்து வருந்தியவர். அங்குக் கேட்ட மெட்டிலேயே அதனை ஆக்கினார்.

1971இல் நடிகை யூக்கிக்கோ கஷிவாகியை மணந்து இரு பெண்மக்களுக்குத் தந்தையானார். ஹொக்கைடோத் தீவிலே உடற்குறையுற்றோர் நலங்கருதிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டு நடத்தினார். செவிப்புலனற்றோர்க்காகச் சைகை மொழி பயின்று, கைகளாலும் பாடினார். சொல்லை உடைக்கிறான் எனக் கவிஞரின் கோபத்துக்கு ஆளானவர், ஒலியே இல்லாத மொழியில் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகக் காட்டப் பாடுபட்டார். உலகப் புகழினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1985 ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலை 6 மணி 12 நிமிடத்துக்கு ரோக்கியோவிலிருந்து ஒசாக்கா நோக்கிப் புறப்பட்ட விமானத்தில் அவரும் இருந்தார். முன்னோரை நினைந்து மக்கள் ஊர் திரும்பும் ஓபொன் விழாக்காலம் அது. ஏழாண்டுக்கு முன் செம்மையாகப் பழுதுபார்க்கப்படாத பின்சுவர் நடுவானிற் பிளந்தது. வாற்பகுதி சிதைந்து, கட்டுப்பாடிழந்த விமானம் அரைமணி நேரம் தடுமாறி, குன்மா மாகாணத்து மலையில் வீழ்ந்தது. 524 பேரில் நால்வரே பிழைத்தனர். சக்கமோற்றோவுக்கு அப்போது வயது 43. கழுத்தில் அணிந்திருந்த கசாமா இனாரிக் கோயிற் பதக்கத்தைக் கொண்டே அவரது உடலை அடையாளங் கண்டனர்.

2011இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் யப்பானின் வடகிழக்கை அழித்தபோது மக்கள் மீண்டும் அப்பாடலைப் பாடினர். 2016இல், அவர் பிறந்த கவாசாக்கியின் புகையிரத நிலையத்திலே, வண்டி புறப்படுவதை அறிவிக்கும் ஒலியாக அதன் மெட்டை அமைத்தனர். சொற்கள் இல்லை, மெட்டு மட்டுமே. ஆனால் மேடையில் நிற்போர்க்குச் சொற்கள் தெரியும்.