ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பாடம் கற்ற வைத்தியர்: மரியா மொண்டிசோரி

வடக்கிலும் கிழக்கிலும் இன்று ஊருக்கு ஊர் முன்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'மொண்டிசோரி' என்ற சொல் இருக்கும். முன்பள்ளிக்கே அப்படிப் பெயர் சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அந்தப் பெண் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அவருடைய கல்விமுறை முதன்முதலில் எந்தப் பிள்ளைகளிடமிருந்து பிறந்தது என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

நான் விசேட தேவையுடைய ஒரு பிள்ளையின் தாய். கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கிறேன். மகனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, நான்கு வயதில் அவனை முன்பள்ளியில் சேர்க்க அலைந்தேன். ஓரிடத்தில் மற்றப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்றார்கள். இன்னோரிடத்தில் பேச்சு வந்த பிறகு கூட்டிவரச் சொன்னார்கள். இரண்டு இடங்களின் பலகையிலும் இந்தப் பெயர் இருந்தது. பிறகுதான் அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். வாசித்ததை என்னைப் போன்ற பெற்றோருக்காகவும், முன்பள்ளி நடத்துவோருக்காகவும் எழுதுகிறேன்.

சவச்சாலையில் தனியே படித்தவர்

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தகப்பன் அரச உத்தியோகத்தர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். முதலில் பொறியியல் படிக்க விரும்பியவர் பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. தாய் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூற்றுப் பரிசோதனை செய்வதை அந்தக் காலம் ஏற்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு, மாலையில் தனியாக நின்று சவங்களை அறுத்துப் படித்தார். 1896இல் வைத்தியரானார். இத்தாலியில் அப்படிப் பட்டம் பெற்ற மிகச் சில பெண்களில் அவரும் ஒருவர்.

அதன் பின் பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் ஊதியமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளைத் தெரிவுசெய்வதற்காக ரோமின் மனநோய் விடுதிகளுக்குப் போய்வருவது அவருடைய வேலை. அங்கேதான் அந்தப் பிள்ளைகளைக் கண்டார். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகள், வலிப்பு நோயுள்ள பிள்ளைகள், பேசாத பிள்ளைகள் எல்லாரையும் பெரியவர்களான நோயாளிகளோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் எதுவும் கிடையாது.

ஒரு விடுதியைப் பற்றி அவர் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்ததும் நிலத்தில் விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பராமரித்த பெண் அதை அருவருப்போடு காட்டினாள். மரியாவுக்கு அங்கே வேறொன்று தெரிந்தது. அந்த வெறும் அறையில் பிள்ளைகளின் கைக்கு எட்டிய ஒரேயொரு பொருள் அந்தத் துணுக்குத்தான். வயிறு நிறைந்திருந்தது. பசித்திருந்தது கை. தொட்டுப் பார்க்கவும் பிடித்துப் பார்க்கவும் ஏதுமில்லாத பிள்ளைக்கு அறிவு எந்த வழியால் வளரும் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

தடுக்கு இழைக்கக் கற்ற சிறுமி

விடை தேடிப் பழைய புத்தகங்களைப் புரட்டினார். இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் அகப்பட்டார்கள். ஒருவர் இட்டார். 1800இல் பிரான்ஸின் காட்டுப் பகுதியில் பிடிபட்ட, பேச்சறியாத விக்டர் என்ற சிறுவனுக்குப் பல வருடங்கள் கற்பித்தவர். மற்றவர் அவருடைய மாணவர் செகுவான். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்றே பயிற்சிகளையும் பொருட்களையும் உருவாக்கியவர். இருவரையும் உலகம் மறந்திருந்தது. மரியா அவர்களின் நூல்களைத் தன் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார்.

1898இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில், இந்தப் பிள்ளைகளுடைய சிக்கல் மருந்தால் மட்டும் தீர்வதல்ல, முதன்மையாக அது கற்பித்தலின் சிக்கல் என்று வாதிட்டார். 1900இல் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலை ரோமில் திறக்கப்பட்டது. வைத்தியர் மொண்டெசானோவும் மரியாவும் அதன் இணைப் பணிப்பாளர்கள். மரியா காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை பிள்ளைகளோடு நின்று தானே கற்பித்தார்.

அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கையில் பலக்குறைவு எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு பழக்கியும் தையல் வரவில்லை. மரியா ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் கடதாசிக் கீலங்களால் பாய் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். எங்கள் அம்மம்மாமார் பனையோலையில் தடுக்கு இழைப்பதைப் போல, ஒரு கீலத்தை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிச் செருகும் வேலை. அது கை வந்ததும் ஊசியைத் திரும்பக் கொடுத்தார். சிறுமி தைத்தாள். ஒரு வேலையைப் பழக்கமுன் அந்த வேலைக்கு வேண்டிய அசைவைக் கைக்குப் பழக்கவேண்டும் என்ற பாடத்தை மரியா அந்தச் சிறுமியிடம் கற்றார். இதே வழியை எழுத்துக்கும் கொண்டுபோனார். மரத்தில் எழுத்துகள் செய்து, உயிரெழுத்துகளுக்குச் சிவப்பும் மெய்யெழுத்துகளுக்கு நீலமும் பூசி, எழுதும் திசையில் பிள்ளையின் விரலை ஓடவிட்டார். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கிற எங்களுக்கு இது அந்நியமானதல்ல.

இதை வாசித்தபோது எனக்கு மகனின் கிளினிக் நினைவுக்கு வந்தது. பென்சிலைக் கொடுக்கமுன் பயறு பொறுக்கவும், மா பிசையவும், மணி கோக்கவும் விடச் சொன்னார் தொழில்வழிச் சிகிச்சையாளர். பள்ளிக்கூடப் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பென்று வீட்டில் கேட்டவர்கள் உண்டு. ஆறு வயதில் அவன் தன் சட்டைத் தெறியைத் தானே பூட்டிய நாளுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மரியாவின் பிள்ளைகளில் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்றார்கள். சாதாரணப் பிள்ளைகளோடு அரச பாடசாலைப் பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்தார்கள். பார்த்தவர்கள் அதை அற்புதம் என்றார்கள். மரியாவுக்கு அதில் வேறு யோசனை பிறந்தது. கைவிடப்பட்ட பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளுக்குச் சமமாக வரமுடிந்தது என்றால், சாதாரணப் பிள்ளைகளைத்தான் பாடசாலைகள் ஏதோ ஒரு வகையில் அமுக்கி வைத்திருக்கின்றன என்று அவர் எண்ணினார்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி வந்துவிடுவதில்லை. இட்டார் அத்தனை வருடம் பாடுபட்டும் விக்டருக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் அவனுக்குக் கற்பித்த முயற்சியிலிருந்துதான் செகுவானின் வழி பிறந்தது, அதிலிருந்து மரியாவின் வழி பிறந்தது. பேச்சு வராத ஒரு பிள்ளை உலகத்துக்குக் கொடுத்துப் போனது அது.

பிரிந்த தாய்

1898இல் மரியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் மொண்டெசானோ. இருவரும் திருமணம் செய்யவில்லை. அன்றைய சமூகத்தில் வெளியே தெரிந்தால் அவருடைய தொழிலே முடிந்துபோகும். குழந்தை மாரியோ கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். பதின்ம வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தான். ஊராரின் பிள்ளைகளுக்குப் பகல் முழுக்கக் கற்பித்தவரின் சொந்தப் பிள்ளை அப்போது வேறு வீட்டில் இருந்தது.

1901இல் மரியா அந்தப் பாடசாலையை விட்டு விலகினார். 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் பெற்றோரின் சிறுவர்களுக்காகக் 'குழந்தைகள் வீடு' திறந்தார். விடுதிப் பிள்ளைகளிடம் கற்றதையெல்லாம் இங்கே பாவித்தார். மர எழுத்துகளைச் செய்து தர ஆள் கிடைக்காததால், மணல் ஒட்டிய சொரசொரப்பான கடதாசியில் எழுத்துகளை வெட்டி மட்டையில் ஒட்டினார். இன்று உலகம் முழுவதும் விலைக்கு விற்கப்படும் அந்த எழுத்து மட்டைகள் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தவை.

1908 டிசெம்பரில் மெசினா நகரைப் பூமியதிர்ச்சி அழித்தது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் ரோமில் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களிற் பலருக்குத் தங்கள் பெயரே தெரியவில்லை. பேசவில்லை, சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். அங்கே மரியாவின் முறைப்படி பாடசாலை தொடங்கியது. மேசை துடைப்பதும், உணவு பரிமாறுவதும், பூச்செடி பார்ப்பதுமாக நாளாந்த ஒழுங்கு ஒன்று திரும்பி வந்தது. மெல்ல மெல்லப் பிள்ளைகள் சிரித்தார்கள். 2009இல் முகாம்களில் பேச்சை இழந்த பிள்ளைகளைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடையாறும் இலங்கையும்

மரியாவை யுத்தமும் சர்வாதிகாரமும் துரத்தின. முதலில் ஆதரித்த முசோலினி பின்னர் அவருடைய பாடசாலைகளை மூடினான். ஜேர்மனியில் நாஜிகள் மூடினார்கள். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் வெடித்ததும் பார்சிலோனாவிலிருந்தும் வெளியேறினார்.

1939இன் பிற்பகுதியில், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவோடு சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 யூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் என்பதற்காகப் பிரித்தானிய அரசு மாரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது, தாயை அடையாறைவிட்டு வெளியேறாமல் தடுத்தது. ஓகஸ்ட் 31, மரியாவின் எழுபதாவது பிறந்தநாளில், மாரியோவை விடுவிப்பதாக வைஸ்ரோய் அறிவித்தார். அதுவரை ஊருக்கு மருமகன் என்று சொல்லப்பட்டு வந்தவரை அந்தச் செய்தி மகன் என்றே குறிப்பிட்டது. தடுத்து வைக்கப்பட்ட மகன் திரும்பி வந்தான். எங்கள் தாய்மார் பலருக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

அந்த ஆண்டுகளில் அடையாறிலும் கொடைக்கானலிலும் இந்தியாவின் வேறு நகரங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கு வந்தும் பயிற்சி நடத்தினார். எங்கள் பெயர்ப்பலகைகளில் உள்ள சொல்லுக்கு இங்கே இருக்கும் நேரடி வேர் அதுதான். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

திருப்பிக் கொடுக்காத கடன்

மரியா விலகிய பின்னர் அவருடைய முறை பெரும்பாலும் சாதாரணப் பிள்ளைகளிடமே போயிற்று. பல நாடுகளில் அது பணமுள்ளவர்களின் படிப்பாகியது. முதலில் அதைக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இதுதான் கடன் என்று நான் நினைக்கிறேன்.

அதைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவனமொன்றின் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளையை மறுப்பவர்களிடம் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தரச் சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

பேச்சுச் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் மாதத்தில் ஒரு தவணை கிடைப்பதே எங்கள் பக்கத்தில் பெரும்பாடு. அந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள். ஆனால் அடுத்த தவணை வரை பிள்ளையின் கை சும்மா இருக்கவேண்டியதில்லை. அரிசியும் பயறும் மணலும் பனையோலையும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. இன்ன அசைவு வரவில்லை, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று சிகிச்சையாளரிடம் கேட்டு வாருங்கள்.

முன்பள்ளி நடத்துபவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று உண்டு. அந்தப் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளையையாவது, பேச்சு வர முன்னரே, உள்ளே எடுங்கள்.