மலாக்காவைப் பிடித்த அல்புகர்க்

போர்ட் கிள்ளான் படகுத்துறையில் நின்று கடலை நோக்கும் நம்மவர் பலருக்கு, அந்த நீர்ப்பரப்பு நம் முன்னோரின் நினைவைக் கொண்டுவரும். நாகப்பட்டினம், நாகூர், காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து துணி மூட்டைகளைப் பாய்மரக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு இந்த நீரிணை வழியேதான் அவர்கள் வந்தார்கள். அதே நீரிணைக்குள் 1511ஆம் ஆண்டில் பீரங்கிகள் பொருத்திய கப்பல்களுடன் வேறொருவரும் வந்தார். அவரே அபோன்சோ டி அல்புகர்க். நம் சமூகத்தின் வாணிப வரலாற்றையே திசைதிருப்பிய மனிதராதலால், அவர் வாழ்வை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

அல்புகர்க் 1453ஆம் ஆண்டளவில், லிஸ்பன் நகருக்கு அருகிலுள்ள அல்ஹாந்திரா என்னும் ஊரில் உயர்குடியொன்றில் பிறந்தார். அரச மாளிகையில் வளர்ந்து, வாலிப வயதில் மொராக்கோவில் முஸ்லிம்களுடன் நடந்த போர்களில் பல ஆண்டுகள் பங்கு கொண்டார். முதன்முதலாக அவர் இந்தியாவுக்குக் கப்பலேறியது 1503ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. பிறர் ஓய்வை நாடும் வயதில்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்கிற்று. கொச்சியில் கோட்டை எழுப்ப உதவிவிட்டு நாடு திரும்பினார்.

மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் அக்காலத்தில் அரபு, குஜராத்தி, தமிழ் முஸ்லிம் வணிகர் கைவழியாகவே மேற்கே சென்றன. அந்த வாணிபத்தை அடியோடு பறிக்க வேண்டுமானால் ஹோர்முஸ், ஏடன், மலாக்கா ஆகிய மூன்று கடல் வாயில்களையும் அடைக்க வேண்டும் என்பது அல்புகர்க்கின் திட்டம். 1506இல் மீண்டும் புறப்பட்ட அவர், மறு ஆண்டில் சொக்கோத்ராத் தீவைப் பிடித்தார். பிறகு ஓமான் கரையோர ஊர்களைச் சூறையாடி ஹோர்முஸைத் தாக்கினார். பிடிபட்டோரின் மூக்கையும் காதையும் அறுத்த கொடுமைகள் இந்தப் பயணத்தில்தான் நடந்தன. அவருடைய கடுமையைத் தாங்காத சொந்தக் கப்பல் தலைவர்கள் சிலரே அவரைக் கைவிட்டு ஓடினர்.

1509 நவம்பரில் இந்தியாவிலிருந்த போர்த்துக்கீசியப் பகுதிகளுக்கு அவர் ஆளுநரானார். 1510 தொடக்கத்தில் கள்ளிக்கோட்டையைத் தாக்கிப் படுதோல்வியுற்றார், அவரும் காயமடைந்தார். ஆயினும் அதே ஆண்டில் பீஜப்பூர் சுல்தானுக்குரிய கோவாவைப் பிடித்தார், இழந்தார், நவம்பர் 25ஆம் நாள் மறுபடியும் பிடித்தார். அதன்பின் நகரிலிருந்த முஸ்லிம்கள், ஆண் பெண் என்ற பேதமின்றிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர் என அவரே தம் மன்னருக்குப் பெருமையுடன் எழுதினார். அன்று விழுந்த கோவா 1961ஆம் ஆண்டு வரை அவர் நாட்டாரிடமே இருந்தது.

அடுத்தது மலாக்கா. அந்நகரின் நிலை அப்போது எப்படி இருந்தது? நம் கிள்ளானின் தலைவராயிருந்த துன் பேராக், மலாக்காவின் பெண்டாஹாரா என்னும் முதலமைச்சர் பதவிக்கு உயர்ந்த காலம் ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மணி புரிந்தான் என்பவரின் மரபில் வந்த துன் அலி, அவருக்காகப் பதவியை விட்டுக்கொடுத்தார். அந்த ஒற்றுமையில் மலாக்கா ஓங்கி வளர்ந்தது. ஆனால் சுல்தான் மஹ்மூத் ஷா காலத்தில் அது குலைந்தது. துன் அலியின் மகனான பெண்டாஹாரா துன் முத்தாஹிர் துரோகி என்று பழி சுமத்தப்பட்டு, குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். எதிரி வருமுன்பே வீடு பிளவுபட்டுவிட்டது.

1509இல் மலாக்காவுக்கு வந்த செக்குவேரா என்ற போர்த்துக்கீசியத் தலைவரின் ஆட்கள் சுமார் இருபது பேர் அங்கே சிறைப்பட்டிருந்தனர். அவர்களை மீட்பதைக் காரணமாகக் காட்டி, பதினெட்டுக் கப்பல்களோடும் ஆயிரத்துச் சொச்சம் வீரர்களோடும் அல்புகர்க் 1511 ஜூலை மாதத் தொடக்கத்தில் மலாக்கா முன் நங்கூரமிட்டார். கைதிகள் விடுவிக்கப்பட்ட பின்னரும் அவர் அகலவில்லை. கோட்டை கட்ட இடமும் நஷ்ட ஈடும் கேட்டார். ஜூலை 25இல் நடந்த முதல் தாக்குதலில், நகரின் இரு பாகங்களையும் இணைத்த ஆற்றுப் பாலத்தைப் பிடித்தும் நிலைநிற்க முடியாமல் கப்பலுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 10இல், உயரமான சீனக் கப்பலொன்றைப் பாலத்தருகே கொண்டுவந்து மறுபடி தாக்கினார். யானைப் படையும் பீரங்கிகளும் இருந்தும் அம்மாதத்திலேயே நகரம் வீழ்ந்தது. சுல்தான் தப்பிச் சென்று, பல ஆண்டுகள் போராடி, 1528இல் கம்பாரில் மறைந்தார்.

வெற்றிக்குப் பின் அல்புகர்க் ஒரு கற்கோட்டை எழுப்பினார். அதற்கு மசூதிகளின் கற்களும் அரச சமாதிகளின் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. முஸ்லிம் வணிகர்கள் துரத்தப்பட்டனர். போர்த்துக்கீசியருக்கு உதவிய தமிழ் வணிகர் நைனா சட்டு, முஸ்லிமல்லாத குடிகளுக்குப் பெண்டாஹாராவாக நியமிக்கப்பட்டார். ஆனால் 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டபோது, அவமானம் தாளாமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். அந்நியனின் தயவை நம்பியவருக்குக் கிடைத்த கூலி இதுவே!

கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிக்கொண்டு அல்புகர்க் திரும்பிய புளோர் டி லா மார் என்ற கப்பல், சுமத்திராக் கரையருகே புயலில் உடைந்து மூழ்கியது. உயிர் தப்பிய அவர், பொருளை மீட்க முடியவில்லை. சுல்தான்களின் கல்லறையிலிருந்து தம் கல்லறையை அலங்கரிக்கவென எடுத்த சிங்க உருவங்களும் கடலுக்கே இரையாயின என்று போர்த்துக்கீசிய நூல்கள் கூறுகின்றன.

1513இல் ஏடனைத் தாக்கித் தோற்றார். செங்கடலுக்குள் புகுந்து ஜித்தாவை நெருங்க எண்ணியும் காற்று இடம் கொடுக்கவில்லை. கமரான் தீவிலேயே தங்கித் திரும்ப நேர்ந்தது. 1515இல் ஹோர்முஸை மட்டும் தம் வசப்படுத்தினார். அங்கிருந்து நோயுற்றுத் திரும்பும் வழியில், தம் பகைவரான லோப்போ சோரஸைத் தமக்குப் பதிலாக மன்னர் நியமித்துவிட்டார் என்ற செய்தி எட்டியது. வாழ்நாளெல்லாம் எவருக்காக உழைத்தாரோ அவரே கைவிட்டார். 1515 டிசம்பர் 16ஆம் நாள், கோவா துறைமுகத்தைக் கண்ணால் கண்டபடியே கப்பலில் உயிர் நீத்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. அவர் அஞ்சாதவர், கடலின் போக்கையும் காற்றின் பருவத்தையும் நுட்பமாக அறிந்தவர். பின்வந்த ஆளுநர்களின் அநீதி தாளாமல் கோவாவின் இந்துக்களும் முஸ்லிம்களும் அவர் சமாதியில் சென்று முறையிட்டார்களென்றும் போர்த்துக்கீசியர் எழுதி வைத்துள்ளனர். திறமையை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் குற்றமற்றோரின் இரத்தத்தை அத்திறமை கழுவிவிடாது.

அவர் நினைத்ததும் முழுமையாக நிறைவேறவில்லை. விரட்டப்பட்ட முஸ்லிம் வணிகர்கள் அச்சே, ஜொகூர், புருணை முதலிய துறைமுகங்களை நாடினர். ஒரு நகரில் அடைபட்ட வாணிபம் பல நகரங்களில் தழைத்தது. மலாக்காவோ 1641இல் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அவர் எழுப்பிய கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். மிஞ்சியது சந்தியாகோ வாயில் ஒன்றே.

மலாக்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் அன்பர்கள், அந்த வாயிலின் முன் சற்றே நின்று இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். பீரங்கி நகரை வென்றது உண்மைதான். ஆனால் அதற்கு வழி திறந்து கொடுத்தது நம்மவரிடையே இருந்த பொறாமையும், விசாரணையின்றி வழங்கிய தண்டனையுமே. துன் அலி விட்டுக்கொடுத்தபோது மலாக்கா வாழ்ந்தது. அவர் மகன் கொல்லப்பட்டபின் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு நாட்டுக்குப் பொருந்தும் இந்தப் படிப்பினை, ஒரு சங்கத்துக்கும் ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும்.