முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா



வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு இன்றைய தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்துக் குருவானவர். அவர் சீக்கிரமே இறந்துட்டதால், அம்மாதான் வளர்த்தார்.

அப்போ இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபைப் பேராயர்கள் எல்லாருமே வெள்ளைக்காரங்க. ஓர் இந்தியரால் சபையை நடத்த முடியுமான்னு பல பேர் சந்தேகப்பட்டாங்க. 1910-ல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் இந்தியர்களைச் சமமான நண்பர்களாக நடத்தணும்னு அவங்க முன்னாலேயே அசரியா தைரியமாகப் பேசினார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

அவருக்குக் கிடைத்தது தோர்ணக்கல். இப்போ தெலங்கானாவில் இருக்கு. தாய்மொழி தமிழ், அங்கே பேசுறது தெலுங்கு. அதையும் கற்றுக்கொண்டார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் ஏழை மக்களைச் சந்தித்தார். கிராமத்து ஆட்களையே குருமாராகவும் ஆசிரியராகவும் பயிற்சி கொடுத்து உருவாக்கினார்.

அங்கே அவர் கட்டிய பேராலயம் 1939-ல் திறக்கப்பட்டது. மசூதி மாதிரி குவிமாடம், கோயில் மாதிரி தூண்கள். நம்ம நாட்டுச் சாயலிலேயே கட்டினார்!

1945 ஜனவரி 1-ல் மறையும் வரை, 32 வருஷம் பேராயராக இருந்தார். முடியுமான்னு கேட்டவங்களோட அவர் சண்டை போடலை. வேலையாலேயே பதில் சொன்னார். நம்மையும் யாராவது அப்படிக் கேட்டா, அசரியாவை நினைச்சுக்குவோம்!