சர்க்கரைத் தண்ணீரும் ஐன்ஸ்டீனும்

ஸ்விட்சர்லாந்தின் தலைநகர் பெர்ன். அங்குள்ள பேடண்ட் ஆபீஸில் 1902 ஜூன் மாதம் ஓர் இளைஞர் மூன்றாம் வகுப்பு தொழில்நுட்ப நிபுணராகச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 3,500 ஃபிராங்க். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் மனுப் போட்டுப் போட்டு அலுத்த பின், நண்பர் கிராஸ்மனின் தகப்பனார் சிபாரிசில் கிடைத்த உத்தியோகம் அது. அந்த இளைஞர்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் ஆபீஸ். வீட்டில் மனைவி, கைக்குழந்தை. மிச்சப் பொழுதில்தான் ஆராய்ச்சி.

ஐன்ஸ்டீன் என்றதும் சார்பியல் தத்துவம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது சர்க்கரைத் தண்ணீர்!

மூலக்கூறு என்று ஒன்று உண்டா என்றே மாக், ஆஸ்ட்வால்ட் போன்ற பெரியவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. உண்டென்றால் அதன் அளவு என்ன? கண்ணுக்குத் தெரியாததை அளப்பது எப்படி?

வெறும் தண்ணீரை விடச் சர்க்கரை கரைத்த தண்ணீர் மெதுவாக ஓடும். ஓடவிடாமல் இழுக்கும் இந்தக் குணத்துக்குப் பாகுநிலை என்று பெயர். ஓடும் நீரில் ஓர் அடுக்கு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் நகர்கிறது. நடுவே கடினமான உருண்டை ஒன்று மிதந்தால் அது நீரைப் போல நெளிந்து கொடுக்காது. நீர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், உராய்வு கூடுகிறது. உருண்டை சிறியதா பெரியதா என்பது முக்கியமில்லை. எல்லாம் சேர்ந்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதே கணக்கு.

சர்க்கரை மூலக்கூறுகளையே இப்படிப்பட்ட உருண்டைகளாக அவர் பாவித்தார். பாகுநிலை ஒரு சமன்பாட்டைத் தந்தது. சர்க்கரை நீரில் பரவும் வேகம் இன்னொன்றைத் தந்தது. இரண்டையும் சேர்த்தால் மூலக்கூறின் அளவும் எண்ணிக்கையும் வந்துவிடும். 1905 ஜூலையில் ஜூரிச் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அந்தக் கட்டுரை ஏற்கப்பட்டது. அதைக் கிராஸ்மனுக்கே காணிக்கையாக்கினார். 1906 ஏப்ரலில் இரண்டாம் வகுப்புக்கு உயர்வு. சம்பளம் 4,500 ஃபிராங்க்.

ஆனால் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. பாரிஸில் ழான் பெரானின் ஆய்வுக்கூடத்தில் பான்ஸ்லன் என்ற மாணவர் நுண்ணிய பிசின் உருண்டைகளை நீரில் கலந்து அளந்து பார்த்தார். சூத்திரம் சொன்னதை விடப் பாகுநிலை மிக அதிகமாக ஏறியிருந்தது. ஐன்ஸ்டீன் அப்போது ஜூரிச்சில் பேராசிரியர். தம் கணக்கை மறுபடி பார்த்தார், குற்றம் தெரியவில்லை. இருந்தும் சோதனைதான் தவறு என்று அவர் தள்ளிவிடவில்லை. தம்மிடம் பயின்ற லுட்விக் ஹாப்ஃபிடம் கணக்கைச் சரிபார்க்கக் கொடுத்தார். ஹாப்ஃப் வகைக்கெழுவில் இருந்த தவறைப் பிடித்துவிட்டார். குருவின் கணக்கில் தவறு என்று சொல்ல அவரும் தயங்கவில்லை. அதுவும் லேசான காரியமல்ல.

திருத்தம் 1911-இல் ஐன்ஸ்டீன் பெயரிலேயே அச்சில் வந்தது. நூற்றுக்கு 4 பங்கு இடத்தை உருண்டைகள் அடைத்தால் பாகுநிலை நூற்றுக்கு 4 அல்ல, 10 கூடும். அதாவது இரண்டரை மடங்கு. 1905-இல் 2.1 என்று வந்த அவகாட்ரோ எண் (10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும்) இப்போது 6.56 ஆயிற்று. இன்றைய மதிப்பு 6.02.

நீர்த்த கலவைக்கே இது பொருந்தும். சிமெண்ட் குழம்பு போலக் கெட்டிப்பட்டால் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும். பாகுநிலை மளமளவென்று ஏறும். அந்தக் கணக்குகளும் இந்த இரண்டரையில்தான் தொடங்குகின்றன.

ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் காலமானார். பின்னர் 1961 முதல் 1975 வரை வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கணக்கெடுத்தபோது, சார்பியல் கட்டுரையை விட இந்தச் சர்க்கரைத் தண்ணீர்க் கட்டுரையே அதிகம் எடுத்தாளப்பட்டிருந்தது.